கோளைக் கட்டிப்போடும் இரண்டு வரிகள்… தெரியுமா?

பள்ளிப் பிள்ளைகள் மூன்று பேரிடம் ஒரு தொலைநோக்கியையும் ஒரு லேப்டாப்பையும் கொடுத்து, ‘வானத்தில் ஓடுகிற ஒரு பாறையைப் பிடியுங்கள், அது எந்தப் பாதையில் சூரியனைச் சுற்றுகிறது என்று நீங்களே நிரல் எழுதிக் கண்டுபிடியுங்கள்’ என்று சொல்லிவிட்டால் என்ன நடக்கும்? கண்டுபிடித்துவிடுவார்கள்! கதையில்லை. 1959 முதல் கோடைதோறும் அமெரிக்காவில் இது நடந்துகொண்டிருக்கிறது, தெரியுமா?

‘சம்மர் சயன்ஸ் புரோகிராம்’ என்று பெயர். எந்த ஊரிலும் எவரும் வைக்கக்கூடிய பெயர்தான். உள்ளே நடப்பதுதான் வேறு. 1957 அக்டோபர் 4 அன்று சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை ஏவியதும் அமெரிக்கா ஆடிப்போனது. நம் பிள்ளைகளுக்கு அறிவியல் போதவில்லை என்ற பதற்றம் நாடெங்கும் பரவியது. அந்தச் சூட்டில், கலிபோர்னியாவின் ஓஹாய் பள்ளத்தாக்கில் உள்ள தாச்சர் பள்ளியில் தொடங்கிய கோடை வகுப்பு இது. ஐந்தாறு வாரம் தங்கிப் படிக்க வேண்டும். பகலெல்லாம் கணிதம், இயற்பியல், நிரலாக்கம். இரவில் தொலைநோக்கி. தூக்கம் எப்போது என்று கேட்காதீர்கள்!

முதல் ஆண்டுகளில் அங்கே கணினியே கிடையாது, தெரியுமா? வானத்தைக் கண்ணாடித் தகட்டில் படம் பிடித்து, தகட்டின் மேல் அளவெடுத்து, மடக்கை அட்டவணையையும் ‘கடகட’வென்று சத்தம் போடும் மேசைக் கணக்குப்பொறியையும் வைத்துக்கொண்டு பிள்ளைகள் பாதையைக் கணக்கிட்டார்கள். இன்று அதே கணக்கைப் பைத்தான் மொழியில் நிரலாக எழுதுகிறார்கள். அதைவிட முக்கியமாக, விடையைத் திரையில் படமாக ஓடவிட்டுப் பார்க்கிறார்கள். இந்தப் ‘பார்ப்பதில்’தான் விஷயமே இருக்கிறது. படம் கடைசியில் ஒட்டும் அலங்காரம் என்றுதான் பலரும் நினைக்கிறோம். இல்லவே இல்லை! பிழையைப் பிடிப்பதே அந்தப் படம்தான். எப்படி என்று பார்ப்போம்.

தொலைநோக்கி ஒரு சிறுகோளைப் பற்றி நமக்கு என்ன சொல்கிறது? திசையை மட்டும்தான்! தூரத்தைச் சொல்லாது. இடதா வலதா, மேலா கீழா என்ற இரண்டே எண்கள். அந்தப் புள்ளி நிலவுக்குப் பக்கத்தில் இருக்கிறதா, செவ்வாய்க்கு அப்பால் இருக்கிறதா என்று படத்தைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. ஆனால் ஒரு சுற்றுப்பாதையை முழுதாக விவரிக்க ஆறு எண்கள் வேண்டும். பாதையின் அளவு, அது எவ்வளவு நீள்வட்டம், எவ்வளவு சாய்ந்திருக்கிறது, எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று இப்படி ஆறு. ஓர் இரவுக்கு இரண்டு எண். அப்படியானால் மூன்று இரவு பார்த்தால் போதும்! மூவிரண்டு ஆறு! வாய்ப்பாடு தெரிந்த குழந்தைக்கும் புரிகிற இந்தக் கணக்கைச் செய்துமுடிக்க எப்பேர்ப்பட்ட மூளை தேவைப்பட்டது, தெரியுமா?

1801 ஜனவரி 1. புதிய நூற்றாண்டின் முதல் இரவு. சிசிலித் தீவின் பலெர்மோ நகரில் ஜியுசெப்பே பியாட்சி என்ற பாதிரியார் புதிதாக ஒரு புள்ளியைப் பார்த்தார். அதுதான் சீரிஸ். மனிதர் கண்ட முதல் சிறுகோள். பிப்ரவரி 11 வரை அவரால் 24 முறைதான் அளக்க முடிந்தது. பிறகு அது சூரியனின் ஒளிக்குள் போய் மறைந்துவிட்டது. எங்கே மறுபடி வெளியே வரும்? ஐரோப்பாவின் வானியலாளர்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது, 24 வயது கார்ல் பிரீட்ரிக் கௌஸ் கணக்குப் போட்டு இடத்தைச் சொன்னார். அந்த ஆண்டு முடிவதற்குள், அவர் சொன்ன இடத்துக்குப் பக்கத்திலேயே சீரிஸ் அகப்பட்டது! அதே கௌஸ் முறையைத்தான் இந்தக் கோடை வகுப்பில் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள் தங்கள் கையால் நிரலாக எழுதுகிறார்கள். தூரத்தை முதலில் குத்துமதிப்பாக ஊகிக்க வேண்டும். அந்த ஊகத்தை வைத்துப் பாதையைக் கணக்கிட்டு, பாதையை வைத்துத் தூரத்தைத் திருத்தி, மறுபடி கணக்கிட்டு, எண் அசையாமல் நிற்கும் வரை சுற்றிச் சுற்றி வர வேண்டும். இடையில் இன்னொரு சிக்கலும் உண்டு. அந்தப் பாறையிலிருந்து வெளிச்சம் நம்மிடம் வந்து சேரச் சில நிமிடங்கள் ஆகின்றன. ஆகவே நாம் பார்ப்பது சில நிமிடம் பழைய பாறை! அதையும் நிரல் கழித்துக்கொள்ள வேண்டும்.

அது சரி, நட்சத்திரங்கள் நிறைந்த படத்தில் சிறுகோள் எது என்று எப்படித் தெரியும்? எல்லாம் ஒரே மாதிரிப் புள்ளிகள்தானே? ஒரே இடத்தைச் சற்று நேரம் விட்டு இரண்டு முறை படம் பிடித்து, இரண்டையும் மாற்றி மாற்றிக் கண்முன் காட்ட வேண்டும். நட்சத்திரங்கள் அப்படியே நிற்கும். ஒன்று மட்டும் இங்கும் அங்கும் துள்ளும்! துள்ளுவதுதான் நம் ஆள். 1930 பிப்ரவரி 18 அன்று கிளைட் டாம்பா புளூட்டோவைப் பிடித்ததும் இதே தந்திரத்தால்தான். இனி அடுத்த ஆச்சரியம். தொலைநோக்கியின் கேமரா தருவது படமே அல்ல, தெரியுமா? எண்களின் கட்டம்! ஒவ்வொரு கட்டத்திலும் எவ்வளவு வெளிச்சம் விழுந்தது என்று ஓர் எண், அவ்வளவுதான். சிறுகோளின் வெளிச்சம் பல கட்டங்களில் சிதறி விழுந்திருக்கும். வெளிச்சம் கூடிய கட்டத்துக்குக் கூடுதல் மதிப்பு கொடுத்துச் சராசரி எடுத்தால், ஒரு கட்டத்தின் சிறு பின்னம் அளவுக்குத் துல்லியமாக அதன் நடுவைச் சொல்லிவிடலாம். படத்தின் புள்ளியைவிடச் சிறிய அளவை அந்தப் படத்திலிருந்தே எடுக்க முடிகிறது! பத்து வரி நிரல் போதும். கோடை வகுப்பில் தொடக்கத்திலேயே செய்துபார்க்கத் தோதான கணக்கு.

இனித் திரைக்கு வருவோம். முப்பரிமாணத்தில் ஒரு பந்தைத் திரையில் உருட்டிக் காட்ட, முன்பெல்லாம் பக்கம் பக்கமாக நிரல் எழுத வேண்டியிருந்தது. ஒளி எங்கிருந்து விழுகிறது, கண் எங்கே இருக்கிறது, நிழல் எப்படி என்று எல்லாவற்றையும் நாமே சொல்ல வேண்டும். பைத்தானோடு சேர்ந்து படம் காட்டும் ‘வி-பைத்தான்’ என்ற கருவியில்? ஒரே ஒரு சொல்! கோளம் என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லை எழுதி அடைப்புக்குறி போட்டால் போதும், பளபளவென்று ஒரு பந்து திரையில் வந்து நிற்கும். சுட்டியால் இழுத்தால் எந்தப் பக்கமிருந்தும் பார்க்கலாம். இதை 2000ஆம் ஆண்டில் எழுதியவர் யார் தெரியுமா? கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த டேவிட் ஷெரர் என்ற மாணவர்! மாணவர்களுக்காக ஒரு மாணவரே எழுதியது. அவருக்குப் பின்னால் நின்றவர் இயற்பியல் பேராசிரியர் புரூஸ் ஷெர்வுட். இந்த ஷெர்வுட் அதற்கு முன் வேலை பார்த்தது இல்லினாய் பல்கலைக்கழகத்தின் ‘பிளேட்டோ’ திட்டத்தில். கணினி மூலம் பாடம் நடத்த 1960இல் தொடங்கிய திட்டம் அது. அந்த மாணவர்களுக்குப் படம் காட்ட நல்ல திரை இல்லையே என்று 1964இல் அங்கே கண்டுபிடித்த பொருள் என்ன தெரியுமா? பிளாஸ்மா திரை! பிற்காலத்தில் வசதியான வீடுகளின் சுவரை அடைத்துக்கொண்டு நின்ற பிளாஸ்மா டிவிக்குப் பாட்டன் ஒரு பள்ளிக்கூடக் கருவி! 1972இல் வந்த பிளேட்டோ இயந்திரத்தின் ஆரஞ்சு நிறத் திரையைத் தொட்டாலே வேலை செய்தது என்றால், இன்றைய செல்போன்காரர்கள் நம்புவார்களா?

தலைப்பில் சொன்ன இரண்டு வரிக்கு இப்போது வந்துவிட்டோம். திரையில் ஒரு சூரியன், ஒரு கோள். கோளைச் சுற்றவைக்க வேண்டும். நிரல் செய்வது மிக எளிது. ஒரு கணத்தில் சூரியன் கோளை எவ்வளவு இழுக்கிறது என்று பார். அந்த இழுப்புக்கு ஏற்ப வேகத்தை மாற்று. புதிய வேகத்துக்கு ஏற்பக் கோளைக் கொஞ்சம் நகர்த்து. மறுபடி முதலிலிருந்து. இவ்வளவுதான். நீள்வட்டம் என்ற சொல்லையே நிரலுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஆனாலும் திரையில் நீள்வட்டம் வரும்! முதல்முறை பார்க்கும்போது மயிர்க்கூச்செறியும்.

இப்போது குறும்பாக ஒரு காரியம் செய்யுங்கள். இழுப்பைக் கணக்கிட்டபின் வருகிற அந்த இரண்டு வரிகளை இடம் மாற்றிவிடுங்கள். முதலில் பழைய வேகத்திலேயே கோளை நகர்த்து, பிறகு வேகத்தை மாற்று. அதே இயற்பியல், அதே எண்கள், அதே இரண்டு வரிகள். வரிசை மட்டும் மாறியிருக்கிறது. என்ன ஆகும் தெரியுமா? கோள் வீட்டை விட்டு ஓடிப்போய்விடும்! ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விலகிச் சுருள் சுருளாகத் தூரம் போய்விடும். இல்லாத ஆற்றல் எங்கிருந்தோ கணக்கில் ஏறிக்கொண்டே இருக்கும். எண்களை மட்டும் அட்டவணையாக அச்சிட்டுப் பார்த்தால் ஆயிரமாவது வரிசையில்கூட இது உறைக்காது. திரையில் ஓடவிட்டால், ‘ஐயோ போகுதே!’ என்று பக்கத்து மேசைப் பையன் கத்திவிடுவான்.

இந்தச் சரியான வரிசைக்குப் பெயர் ஆய்லர்-குரோமர் முறை. ஆலன் குரோமர் என்ற இயற்பியலாளர் 1981இல் ஆய்விதழ் ஒன்றில் இதைப் பற்றி எழுதினார். அவருக்கு இதைக் காட்டிக்கொடுத்தது யார் தெரியுமா? ஒரு பள்ளி மாணவி! கோளின் பாதையைக் கணினியில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது, இப்படி எழுதினால் பாதை கெடாமல் நிற்கிறது என்று கண்டவள் அவள். அதனால் அவள் குடும்பப் பெயரையும் சேர்த்து ‘ஆய்லர்-ஆஸ்பெல்-குரோமர்’ என்றே எழுதுகிற இயற்பியலாளர்கள் இருக்கிறார்கள். ஆய்லர் பதினெட்டாம் நூற்றாண்டின் மாமேதை. அவருக்குப் பக்கத்து நாற்காலியில் ஒரு பள்ளிக்கூடப் பெண்!

இன்னும் முடியவில்லை. 1687இல் வெளிவந்த நியூட்டனின் பிரின்கிபியா நூலில் ஒரு படம் இருக்கிறது. கோள் சிறிது நேரம் நேராகப் போகிறது, சூரியன் பக்கமாக ஒரு தட்டு, மறுபடி நேராக, மறுபடி ஒரு தட்டு. கோளையும் சூரியனையும் இணைக்கும் கோடு சம நேரத்தில் சம பரப்பைக் கடக்கும் என்ற கெப்ளரின் விதியை இந்தப் படத்தை வைத்துத்தான் நியூட்டன் நிறுவினார். முதலில் தட்டு, பிறகு நகர்வு. அதே இரண்டு வரி, அதே வரிசை! கணினி வருவதற்கு இரண்டரை நூற்றாண்டுக்கு முன்பே நியூட்டன் கையால் ஓட்டிய நிரல் என்று இதைச் சொன்னால் நான் மிகைப்படுத்துவதாக நினைக்காதீர்கள். 1961இல் கால்டெக் மாணவர்களுக்குப் பாடம் எடுத்த ரிச்சர்ட் ஃபைன்மனும் ஒரு கோளின் பாதையை இப்படித்தான் சிறுசிறு அடியாகக் கணக்கிட்டு, அட்டவணை போட்டு, புள்ளி வைத்து வரைந்து காட்டினார். தாளில்!

மற்றப் பிழைகளையும் கண் எப்படிப் பிடிக்கிறது பாருங்கள். பைத்தானிடம் 90இன் சைன் என்ன என்று கேட்டால் 1 என்று சொல்லாது, 0.89 என்று ஏதோ சொல்லும். அது பாகைக் கணக்கில் பேசாது, ரேடியனில்தான் பேசும். இதை மறந்த குழுவின் சிறுகோள் திரையில் பைத்தியம் பிடித்த மாதிரி ஆடும். இதைவிடப் பொல்லாதது ஒன்று உண்டு. வானில் ஓர் இடத்தை ‘கழித்தல் 0 பாகை 30 நிமிடம்’ என்று குறிப்பார்கள். பாகையையும் நிமிடத்தையும் நிரல் தனித்தனியே வாங்கிக்கொண்டால், கழித்தல் 0 என்பது வெறும் 0 ஆகிவிடும்! கழித்தல் குறி காற்றில் போய்விடும், தெற்கே இருக்க வேண்டிய பாறை வடக்கே போய் உட்காரும். நிரல் எந்தப் பிழைச்செய்தியும் காட்டாது, மூச்சுக்கூட விடாது. படத்தில் பாதை தலைகீழாகச் சாய்ந்திருப்பதைப் பார்த்த பிறகுதான், விடிய விடிய உட்கார்ந்து அந்தக் கழித்தல் குறியைத் தேடுவார்கள்.

கோடை விடுமுறைக்கும் நிரலாக்கத்துக்கும் என்ன பொருத்தமோ தெரியவில்லை. குழந்தைகளுக்கென்றே உருவான லோகோ மொழியை வாலி ஃபோய்ர்ட்சைக், சேமூர் பேப்பர்ட், சிந்தியா சாலமன் ஆகியோர் படைத்தது 1967இல். அதை முதன்முதலாகப் பிள்ளைகளிடம் கொடுத்துச் சோதித்ததும் அந்த ஆண்டின் கோடையில்தான், மாசசூசெட்ஸின் லிங்கன் ஊரில், ஐந்தாம் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம்! ஆனால் அப்போது லோகோவில் ஆமையே கிடையாது, தெரியுமா? சொற்களையும் பட்டியல்களையும் வைத்து விளையாடும் மொழியாகத்தான் அது பிறந்தது. தரையில் ஊர்ந்து பேனாவால் கோடு போடும் இயந்திர ஆமை சில ஆண்டு கழித்து வந்தது. பிறகு திரைக்குள் குடியேறியது.

அந்த ஆமையிடம் வட்டம் போடச் சொல்வது எப்படி? ஒரு அடி முன்னே போ, ஒரு பாகை வலப்பக்கம் திரும்பு. இதை 360 முறை செய். வட்டம் தயார்! மையம் எங்கே? தெரியாது. ஆரம் எவ்வளவு? தெரியாது. பை? அதுவும் வேண்டாம்! கூர்ந்து பார்த்தால் ஆமையும் கோளும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். கோளுக்கும் தன் நீள்வட்டம் தெரியாது. இந்தக் கணத்தில் எவ்வளவு இழுப்பு, எவ்வளவு நகர்வு என்பது மட்டும்தான் தெரியும். பத்து வயதுக் குழந்தை ஆமையை நடத்திக் கற்பதும், பதினேழு வயதில் சிறுகோளை நடத்திக் கற்பதும், கல்லூரியில் வகைக்கெழுச் சமன்பாடு என்று பெயர் சூட்டிப் பயமுறுத்துவதும் ஒரே விஷயம்தான். பயமுறுத்தும் கட்டத்தில் மட்டும் பாடத்திலிருந்து படத்தை எடுத்துவிடுகிறார்களே, அதுதான் எனக்கு விளங்காத புதிர்.

ஆமை என்றதும் நம் வாசலுக்கு வராமல் இருக்க முடியுமா? தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோன்மணி, ராணி சிரோன்மணி, கமலா கிருத்திவாசன் மூவரும் 1970களில் கோலத்துக்கு இலக்கணம் எழுதினார்கள், தெரியுமா? அழகியல் இலக்கணம் அல்ல. கணினி அறிவியலில் நிரல்மொழிகளுக்கு எழுதுகிற அதே வகை இலக்கணம்! 1974இல் அது ஆய்வுக்கட்டுரையாக வெளிவந்தது. புள்ளியைச் சுற்றி வளை, நேராகப் போ, திரும்பு என்று கம்பிக் கோலம் போடும் கை செய்வதைக் குறியீடுகளின் வரிசையாக எழுதிவிடலாம். அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. செடிகொடிகள் வளர்வதைக் கணினியில் வரைந்துகாட்டிப் புகழ்பெற்ற கனடாப் பேராசிரியர் புருசின்கியேவிச், 1980களில் இந்தக் கோலங்களை எடுத்து, எதைக் கொண்டு வரைந்தார் தெரியுமா? லோகோவின் ஆமையைக் கொண்டு! மாசசூசெட்ஸில் பிறந்த ஆமை, தாம்பரத்து இலக்கணத்தைப் படித்துவிட்டுக் கனடாவில் கோலம் போட்டது. உலக உருண்டையில் இதைவிட அழகான சுற்றுப்பாதை உண்டா?

இதுவரை சொன்னது நிரல் எழுதிப் படம் வரவழைப்பது. படம் வரைந்தே நிரல் எழுதுவது ஒன்று இருக்கிறதே, அது? அதையும் ஓட்டமாகப் பார்த்துவிடுவோம். 1963இல் ஐவன் சதர்லேண்ட் எம்.ஐ.டி.யில் ‘ஸ்கெட்ச்பேட்’ செய்தார். ஒளிப்பேனாவால் திரையில் கோடு இழுத்தால் கணினி புரிந்துகொள்ளும். உலகமே அவரைக் கணினி வரைகலையின் தந்தை என்கிறது. அவருடைய அண்ணன் வில்லியம் சதர்லேண்ட் மூன்றே ஆண்டு கழித்து, தம்பி பயன்படுத்திய அதே டி.எக்ஸ்-2 கணினியில், படமாக வரைந்தாலே ஓடும் நிரலைச் செய்துகாட்டி முனைவர் பட்டம் வாங்கினார்! அண்ணன் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

தொழிற்சாலையிலும் இதே கதைதான். 1968, 69 வாக்கில் கார் ஆலைகளின் ரிலே பலகைகளுக்குப் பதிலாகச் சிறு கணினியை வைத்தபோது, அதற்கு நிரல் எழுத எலக்ட்ரீஷியன்கள் புதிய மொழி கற்க வேண்டுமா என்ற கேள்வி வந்தது. வேண்டாம், அவர்கள் நாள்தோறும் பார்க்கிற மின்சுற்றுப் படமே நிரலாக இருக்கட்டும் என்று முடிவாயிற்று. ஏணி மாதிரி இருக்கும் அந்த லேடர் படம், பி.எல்.சி. என்று பெயர்பெற்ற அந்தச் சிறு கணினியை வைத்த பல ஆலைகளில் இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. மெத்தப் படித்தவர்கள் ‘படத்தில் எழுதுவது குழந்தை விளையாட்டு’ என்று உதட்டைப் பிதுக்கும்போது, அவர்கள் வீட்டுக் காரை இணைத்த இயந்திரத்துக்கு அந்தப் படம்தான் கட்டளை போட்டிருக்கும்!

1986இல் மெக்கின்டோஷ் கணினியில் வந்தது, படமாகவே நிரல் எழுதும் லேப்வியூ. ஜெஃப் கொடோஸ்கியும் ஜேம்ஸ் ட்ரூச்சர்டும் தங்கள் நேஷனல் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தில் உருவாக்கியது. ஆய்வுக்கூட மாணவர்கள் முதல்முறை பார்த்ததும் திகைப்பது எதைக் கண்டு தெரியுமா? அதில் வரிகளே இல்லை! பெட்டிகளும் அவற்றை இணைக்கும் கம்பிகளும்தான். கம்பியின் நிறமே அதில் என்ன ஓடுகிறது என்று சொல்லிவிடும்: தசம எண்ணுக்கு ஆரஞ்சு, முழு எண்ணுக்கு நீலம், ஆம்-இல்லை விடைக்குப் பச்சை, எழுத்துக்கு இளஞ்சிவப்பு. பொருந்தாத இடத்தில் கம்பியைச் சொருகினால், ஓடச் சொல்லும் அம்புக்குறியே உடைந்து காட்சி தரும். ஒரு பெட்டிக்கு வேண்டிய எல்லா விவரமும் வந்து சேர்ந்தால்தான் அது வேலையைத் தொடங்கும். மேலேயா கீழேயா என்பது பொருட்டே அல்ல. நம் கோளை ஓட்டிவிட்ட அந்த ‘வரி இடமாற்றம்’ என்ற பேச்சுக்கே இங்கே இடமில்லை. எந்த வேகம் எங்கே போகிறது என்பதைக் கம்பியே காட்டிக்கொடுத்துவிடும்! ஜெனீவாவில் 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள செர்ன் துகள்முடுக்கியில், வழிதவறும் புரோட்டான்களைத் தடுக்கும் நூற்றுக்கும் மேற்பட்ட கருவிகளை இம்மி இம்மியாக நகர்த்துவதில் லேப்வியூவுக்குப் பங்குண்டு. அதே லேப்வியூவின் மேல் கட்டியெழுப்பிய இன்னொன்று என்ன தெரியுமா? 2006இல் வந்த லெகோ மைண்ட்ஸ்டார்ம்ஸ் என்.எக்ஸ்.டி. பொம்மை ரோபோவின் நிரல்மொழி! அந்த மைண்ட்ஸ்டார்ம்ஸ் என்ற பெயரே, ஆமைக்காரர் பேப்பர்ட் 1980இல் எழுதிய புத்தகத்தின் தலைப்பிலிருந்து எடுத்ததுதான்.

கட்டைகளை ஒட்டி நிரல் எழுதும் ஸ்கிராட்ச் மொழியின் பூனையைத் தெரியாத பிள்ளை இன்று குறைவு. 2007இல் எம்.ஐ.டி.யில் மிட்சல் ரெஸ்னிக் குழு வெளியிட்டது. ரெஸ்னிக் பேப்பர்டின் வழிவந்தவர், ஆகவே ஆமைக்குப் பூனை சொந்தம். தமிழ்நாட்டின் பத்தாம் வகுப்பு அறிவியல் பாடநூலில், கடைசிப் பாடமான ‘காட்சித் தொடர்பு’க்குள் இந்தப் பூனை உட்கார்ந்திருக்கிறது, தெரியுமா? கடைசிப் பாடத்துக்கு வருவதற்குள் பொதுத்தேர்வு வந்துவிடும் என்பது வேறு விஷயம். ஸ்கிராட்ச் கட்டைகளின் வடிவமே எழுத்துப்பிழைக்கு வழி விடாது. பொருந்தாத கட்டை ஒட்டாது. ஹார்வர்டின் புகழ்பெற்ற கணினிப் பாடம்கூட முதல் வாரத்தைப் பூனையோடுதான் தொடங்குகிறது! ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஸ்கிராட்ச்சிலும் அந்த இரண்டு கட்டைகளை இடம் மாற்றிப் போட்டால் கோள் ஓடித்தான் போகும். எழுத்துப்பிழையைக் கட்டை தடுக்கும். யோசனைப் பிழையைத் தடுக்காது. அதற்குத் திரையைப் பார்க்கிற இரண்டு கண் வேண்டும்.

சரி, ஓஹாய்க்குத் திரும்புவோம். 1966 கோடையில் இந்த வகுப்பில் படித்த ஒரு மாணவர் மிட்ச் கேபர். எண்களைப் படமாக மாற்றும் ‘விசிபிளாட்’ என்ற மென்பொருளை எழுதியவர். பிறகு அவர் தொடங்கிய லோட்டஸ் நிறுவனம் 1983இல் கொண்டுவந்த ‘லோட்டஸ் 1-2-3’ ஐ.பி.எம். கணினியை அலுவலகம்தோறும் கொண்டுபோய்ச் சேர்த்தது. எக்செல் தலைமுறைக்கு அந்தப் பெயர் தெரியாமல் இருக்கலாம். வங்கியில் வேலை பார்த்த தாத்தாக்களைக் கேளுங்கள்! கணக்கு அட்டவணை, வரைபடம், தகவல்தளம் என்ற மூன்று வேலையும் ஒன்றில் அடக்கம் என்பதால்தான் 1-2-3.

1999இல் தாச்சர் பள்ளியோடு இருந்த உறவு முடிந்தபோது, வகுப்பே மூடிப்போக இருந்தது. பழைய மாணவர்கள் விடவில்லை. தாங்களே பணம் திரட்டி, தாங்களே நிர்வாகத்தை ஏற்று, 2000இல் அதே ஓஹாயில் வேறொரு பள்ளிக்கு மாற்றினார்கள். அந்தப் பள்ளி எது தெரியுமா? ஹாப்பி வேலி பள்ளி! நம் அடையாற்றின் அன்னி பெசன்ட் அம்மையார் 1927இல் வாங்கிப்போட்ட நிலத்தில் வேர்விட்டு, ஜே. கிருஷ்ணமூர்த்தி, ஆல்டஸ் ஹக்ஸ்லி முதலியோர் 1946இல் தொடங்கியது. இன்று அதன் பெயரே பெசன்ட் ஹில் பள்ளி. அடையாறு ஆலமரத்தடியில் உலாவிய அம்மையார் வாங்கிய மண்ணில் நின்று, கலிபோர்னியாப் பிள்ளைகள் பத்தாண்டு சிறுகோள் பிடித்திருக்கிறார்கள்!

1969இல் படித்த இன்னொரு மாணவர் ஃபிராங்க்ளின் அன்டோனியோ. இன்று பெரும்பாலான செல்போன்களோடு ஏதோ ஒரு வகையில் தொடர்புள்ள குவால்காம் நிறுவனத்தை நிறுவியவர்களில் ஒருவர். 2022இல் அவர் இறந்தபின் அவருடைய சொத்திலிருந்து இந்தக் கோடை வகுப்புக்கு வந்து சேர்ந்த தொகை எவ்வளவு தெரியுமா? ஏறக்குறைய 20 கோடி டாலர்! பதின்ம வயதில் ஒரு கோடை படித்ததற்கு! இப்போது அமெரிக்காவின் பல வளாகங்களில் வகுப்பு நடக்கிறது. வேறு நாட்டுப் பிள்ளைகளும் போய்ச் சேர்கிறார்கள். வானியலோடு உயிர்வேதியியல், மரபணுவியல் பிரிவுகளும் வந்துவிட்டன.

பிள்ளைகள் அளந்த சிறுகோள் இடங்கள் வீட்டுப்பாட நோட்டோடு நின்றுவிடுவதில்லை. உலகம் முழுவதிலுமிருந்து வரும் சிறுகோள் அளவுகளைச் சேர்த்துவைக்கும் மாசசூசெட்ஸின் மைனர் பிளானட் சென்டருக்குப் போகின்றன. அங்கே நாசாவின் அளவுகளோடு ஒரே பட்டியலில் நிற்கின்றன. பாதை தெரிந்துவிட்டதே, வேலை முடிந்ததா? இல்லை! அதே பாறைக்குத் திரையில் பல நகல்கள் செய்து, ஒவ்வொன்றையும் மயிரிழை மாற்றி வைத்து, எதிர்காலத்துக்குள் பல பத்து லட்சம் ஆண்டு ஓடவிடுகிறார்கள். நகல்கள் தொடக்கத்தில் ஒட்டிக்கொண்டே போகும். ஏதாவது ஒரு கோளுக்கு அருகே போய்வந்ததும் ஆளுக்கொரு திசையில் பிரியும். பூமிக்கு அருகே வருகிற சிறுகோள்களில் பெரும்பாலானவை சில பத்து லட்சம் ஆண்டுகளிலிருந்து ஒரு கோடி ஆண்டுக்குள் சூரியனில் போய் விழும், அல்லது வியாழன் தூக்கி எறிந்து சூரியக் குடும்பத்தை விட்டே வெளியேறும். சில நகல்கள் வெள்ளியில் மோதும். ஒன்றிரண்டு நம் பூமியிலும் விழும். எத்தனை நகலில் எத்தனை விழுந்தன என்று எண்ணி, அந்த எண்ணையும் அறிக்கையில் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் ஊருக்குப் பெட்டி கட்டுகிறார்கள்!